கம்போங் கிளாம் மாளிகையும் மூவார் ஆற்றங்கரையும்



தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாயை ஒட்டி நடந்தால் இருபது நிமிடத்தில் கம்போங் கிளாம் வந்துவிடும். முதலில் சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் கண்ணில் படும். அதன் அருகில், சுற்றுச்சுவருக்குள், மாடியோடு கூடிய பழைய மாளிகை ஒன்று நிற்கிறது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து தேக்காவுக்குப் புடவை எடுக்க வரும் குடும்பங்களில் சில அந்தப் பக்கமும் போவதுண்டு. "சுல்தான் வீடு இவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த வீடு ஏன் அவ்வளவு சிறியது என்பதையும், மூவார், தங்காக் பக்கத்துத் தோட்டங்கள் நிற்கும் மண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதையும் இன்று பார்ப்போம். இரண்டும் ஒரே கதை.

தகப்பன் இறந்தால் பிள்ளைகள் பாகம் பிரிப்பது நமக்குத் தெரிந்த வழக்கம். வீட்டைப் பிரிக்கலாம், மாட்டைப் பிரிக்கலாம். நாட்டைப் பிரிக்கலாமா? இடைக்கால ஜெர்மனியின் பிரபுக் குடும்பங்களில் பல, பிரிக்கலாம் என்றே இருந்தன. ஒரு சீமை இரண்டாகும், இரண்டு நான்காகும். வுர்ட்டம்பர்க் சீமையை 1442-இல் லுட்விக், உல்ரிக் என்னும் அண்ணன் தம்பியர் இரண்டாக வகுத்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு, 1482-இல் அவர்கள் வாரிசுகள் மறுபடி ஒன்று சேர்த்து, இனி இதைப் பிரிப்பதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற இளவரசர்களின் நிலங்களுக்கோ, பங்கு போடக்கூடாது, மூத்த மகனுக்கே சேரும் என்று 1356-லேயே சட்டம் வந்துவிட்டது.

மலாய் மன்னர்களின் வழக்கம் வேறு. அங்கே நாடு பிரியாது. ஆனால் எந்த மகனுக்கு என்பது பிறப்பால் மட்டும் முடிவதில்லை. பெருந்தலைவர்களின் சம்மதம் வேண்டும், முடிசூட்டுக்குரிய அரச சின்னங்களும் வேண்டும்.

ஜொகூர், ரியாவ், லிங்கா, பகாங், சிங்கப்பூர் எல்லாம் சேர்ந்த பேரரசுக்கு மூன்றாம் மாமூட் ஷா சுல்தானாக இருந்தார். 1810-களின் தொடக்கத்தில் அவர் காலமானார். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள்: மூத்தவர் துங்கு ஹுசேன், இளையவர் துங்கு அப்துல் ரகுமான். இருவருக்கும் தாய் வேறு; இரு தாயாரும் அரச குலத்தவர் அல்லர். தகப்பனார் இறந்தபோது மூத்தவர் கல்யாணத்துக்காகப் பகாங் போயிருந்தார். பருவக்காற்று திரும்பும்வரை கப்பல் வர வழியில்லை. அதற்குள் புகிஸ் தலைவர்கள் தம்பியை மன்னராக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. இறந்த சுல்தானின் மனைவியரில் ஒருவர் எங்கு புத்ரி ஹமீதா. பெனியங்காட் என்னும் சிறு தீவு அவருக்கு மணக்கொடையாக வந்தது. அரச சின்னங்கள் அவர் காவலில் இருந்தன. தம்பி அரியணையில் அமர்ந்தும் சின்னங்களை அவருக்குத் தர அம்மையார் இசையவில்லை. ஆண்டுகள் ஓடின, மன்னருக்கு முறைப்படி முடிசூட்டு இல்லை. கடைசியில் 1822-இல் டச்சுக்காரர்கள் படையோடு வந்து அவற்றைப் பிடுங்கிச் சென்றார்கள். அதன் பிறகே, 1823-இல், தம்பிக்கு முடிசூட்டினார்கள்.

அதற்குள் அண்ணனுக்கு வேறு கதவு திறந்துவிட்டது. சிங்கப்பூரில் இடம் தேடி வந்த ராஃபிள்ஸுக்கு, கையெழுத்துப் போட ஒரு சுல்தான் தேவைப்பட்டார். ரியாவில் வறுமையில் இருந்த ஹுசேனை வரவழைத்து, 1819 பிப்ரவரி 6-ஆம் நாள் "ஜொகூர் சுல்தான்" என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி அவருக்கு. அவரை அழைத்துவர உதவிய தெமெங்கோங் அப்துல் ரகுமானுக்கு 3,000. தெமெங்கோங் என்பது பெரிய அதிகாரி, நம் ஊர்த் தளவாய் போல என்று வைத்துக்கொள்ளலாம். தம்பியின் பெயரும் இவர் பெயரும் ஒன்றே. நேயர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1824 மார்ச்சில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் உடன்படிக்கை செய்து, சிங்கப்பூருக்குத் தெற்கே ஒரு கோடு கிழித்ததுபோல் நாட்டைத் தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் சகோதரர்கள் தாங்களே பிரித்தார்கள். இங்கே சகோதரர்களைக் கேட்காமல் அயலார் பிரித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, ஹுசேன் 33,200 வெள்ளி ரொக்கமும், ஆயுள் முழுதும் மாதம் 1,300 வெள்ளியும் பெற்றார். "ஆயுள் முழுதும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 1835-இல் அவர் மலாக்காவில் கண்மூடியபோது அந்தப் பணமும் நின்றது. மகன் அலிக்குக் கிடைத்தது கம்போங் கிளாம் குடியிருப்பு மட்டும். நாம் பார்த்த மாளிகை அலியின் காலத்தில் எழுந்தது.

தெமெங்கோங்கின் மகன் இப்ராகிமோ தெலுக் பிளாங்காவில் இருந்துகொண்டு, காட்டு மரத்துப் பிசினான கட்டாபர்ச்சா வியாபாரத்தில் செல்வரானார். ஒருவரிடம் பட்டம் கேட்கும் உரிமை, மற்றவரிடம் நாடும் வருமானமும். 1855 மார்ச்சில் ஆங்கில ஆளுநர் முன்னிலையில் பேரம் முடிந்தது. அலிக்குச் சுல்தான் பட்டம், 5,000 வெள்ளி, மாதம் 500 வெள்ளி. ஜொகூரின் ஆட்சி இப்ராகிமுக்கு. அலிக்கென்று விட்டுவைத்த நிலம் ஒன்றுதான்: கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் நடுவே உள்ள சிறு சீமை. தங்காக் பக்கத்து நேயர்களே, அது உங்கள் மண்.

அந்தச் சிறு சீமையாவது நிலைத்ததா? சுல்தான் அலிக்குக் கடன் தொல்லை. செல்லப்பா என்று பதிவுகளில் காணும் இந்திய லேவாதேவிக்காரர் ஒருவரிடம் பெருந்தொகை வாங்கியிருந்தார். மாதம் வரும் 500 வெள்ளியே கடனுக்குப் போக ஏற்பாடாயிற்று. அதுவும் போதாமல், கடன்காரர் மூவாரை ஆங்கிலேயருக்கு விற்கும் உரிமைவரை பேச்சு வளர்ந்தது. வட்டிக்கு வாங்கித் திண்டாடும் குடும்பங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சீமையையே ஈடு வைத்தவரைப் பார்த்ததில்லை.

1877-இல் அலி காலமானார். கல்லறை மலாக்கா உம்பாயில் இருக்கிறது. வாரிசு யார், மூத்த மகன் ஆலாமா, சிறுவன் மாமூடா என்ற சச்சரவு உடனே எழுந்தது. மூவார்த் தலைவர்கள் இருவரையும் விட்டு, இப்ராகிமின் மகன் அபு பக்கரைத் தேர்ந்தார்கள். ஆலாம் தரப்பினர் 1879-இல் ஜெமந்தாவில் ஆயுதம் எடுத்துத் தோற்றார்கள். 1885-இல் லண்டன் உடன்படிக்கை அபு பக்கரைச் சுல்தான் என்று ஒப்புக்கொண்டது. முப்பது ஆண்டுக்கு முன் பட்டத்தை அலிக்கு விட்டு நிலத்தை எடுத்த குடும்பம், இப்போது பட்டத்தையும் பெற்றது. ஏமாற்று என்று சொல்வாரும் உண்டு. நமக்கென்னவோ, காடு திருத்தி வருமானம் உண்டாக்கியவர் கைக்கு ஆட்சி போனதில் வியப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த வழியில் வந்த ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 2024 ஜனவரி 31 அன்று மலேசியாவின் மாமன்னராகப் பொறுப்பேற்றார்.

கம்போங் கிளாமில் மிஞ்சிய குடும்பம் தனக்குள்ளேயே வழக்காடிற்று. சிவகங்கை ஜமீன் வழக்கு 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் முடிந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே ஜமீன்தாரின் மகளுக்காவது வெற்றி கிடைத்தது. இங்கே 1897-இல் சிங்கப்பூர் நீதிமன்றம், அந்தச் சுல்தான் பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய வாரிசு எவரும் இல்லை, நிலம் அரசுக்கே உரியது என்று முடித்துவிட்டது. 1904-இல் வந்த சுல்தான் ஹுசேன் சட்டம், நிலத்தின் வருமானத்திலிருந்து குடும்பத்தாருக்கு உதவித்தொகை கொடுக்க வகை செய்தது. அவர்கள் மாளிகையில் குடியிருந்தார்கள். ஆனால் அது அவர்களுடையதல்ல. பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று ஆள் பெருகப் பெருக, ஒவ்வொருவர் கைக்கும் வந்த பங்கு சுருங்கிற்று. ஜெர்மானியச் சீமைகள் நிலமாகத் துண்டுபட்டன. இங்கே துண்டுபட்டது உதவித்தொகை.

1999-இல் மாளிகையை மரபுடைமை நிலையமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. குடும்பத்தாருக்கு முப்பது ஆண்டுகளுக்குத் தொகை கொடுக்க ஏற்பாடாயிற்று, அவர்கள் வெளியேறினார்கள். 2005-இல் மலாய் மரபுடைமை நிலையம் அங்கே திறக்கப்பட்டது. அடுத்த முறை தேக்காவுக்கு வரும்போது பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மாளிகைக்குப் போகும் தெருவின் பெயர்ப்பலகையில் சுல்தான் கேட் என்று இன்றும் எழுதியிருக்கிறது.