தோலுக்குள் மூன்று புரி

கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றியவர் நமது புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை என்பார்கள். அதில் கட்டியது உடும்புத் தோல். மிருதங்கத்தில் மாட்டுத் தோல். தோல் கோயிலுக்குள் போயிற்று. அதைப் பதனிட்டவனை வெளியே நிறுத்தினார்கள்!

அத்தோலுக்கு உரம் எது? கொலாஜன் என்னும் புரதம். 1954, 1955 வருஷங்களில் சென்னை சர்வகலாசாலையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, அது மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றதென்று கண்டார்கள். இழையில் மூன்றாவது கண்ணிதோறும் மிகச் சிறிய கிளைசின் இருப்பதால்தான் அவ்வளவு நெருக்கமாக முறுக முடிகிறது.

உடும்புக்கும் மாட்டுக்கும், மடாதிபதிக்கும் செருப்புத் தைக்கிற தோழருக்கும் இதே முறுக்குத்தான். பூணூலில் மூன்று புரியென்று பெருமை பேசுகிறவர்களை நாம் கேட்கிறோம்: தாய் வயிற்றிலேயே ஒவ்வொருவர் தோலுக்குள்ளும் கோடிகோடியாய் மூன்று புரிக் கயிறு முறுக்கியாகிவிட்டதே, அதற்கு எந்தப் புரோகிதன் மந்திரம் சொன்னான்?