விடுவித்தல் என்னும் வினை
(அடி அண்ணாமலையில் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நீதிமன்றத் தமிழில் நாள்தோறும் வழங்கும் ‘விடுவித்தல்’ என்னும் வினையின் பொருளெல்லை குறித்துச் சில கருத்துகளை இவ்வவைமுன் வைக்க விழைகிறேன்.

பிணையில் வருபவர், தண்டனை முடிந்து வருபவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் வருபவர் ஆகிய மூவரையும் ‘விடுதலையானார்’ என்றே எழுதுகிறோம். சட்டமோ வேறுபடுத்துகிறது. குற்றச்சாட்டு வனையுமுன் போதிய ஆதாரமில்லையென வழக்கிலிருந்து நீக்குவது ஒன்று. முழு விசாரணைக்குப்பின் குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பது மற்றொன்று. அத்தீர்ப்பு நிலைக்கும்வரை அதே குற்றத்திற்கு அவரை மீண்டும் விசாரிக்க இயலாது. முன்னதற்கு அக்காப்பு இல்லை.

‘விடு’ என்பதன் அடிப்பொருள் கட்டு நீங்குதல். ‘வீடு’ என்னும் பேற்றுச்சொல்லும் அதன்வழிப் பிறந்ததே. எனினும் இவ்வினை தளையைச் சொல்கிறதேயன்றிப் பழியைச் சொல்வதில்லை.

திருவெம்பாவை பிறந்த இடமாக மரபு போற்றும் இவ்வூரில் மணிவாசகர் வரலாற்றை நினையாதிருத்தல் இயலாது. குதிரைகள் வந்ததும் பாண்டியன் அவரை விடுவித்தான். அவை நரிகளானதும் மீண்டும் ஒறுத்தான். வையை பெருகி, பிரம்படி தன்மேலும் பட்டபின்னரே அவர் குற்றமற்றவர் என உணர்ந்தான். முதலில் நீங்கியது தளை. பின்னர் நீங்கியதே பழி.

நம் காலத்துச் சான்றும் உண்டு. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பால் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டனர். இருவருக்கும் தீர்ப்பு ஒன்றே. கலைவாணர் பழைய இடத்தை மீளப் பெற்றார். 1944இல் ‘ஹரிதாஸ்’ படத்தால் உச்சியில் இருந்த பாகவதருக்கோ, 1948இல் வந்த ‘ராஜமுக்தி’ கைகொடுக்கவில்லை. 1959இல் மறையும்வரை அவ்வுச்சி அவருக்கு மீளவில்லை. தீர்ப்பு சிறைக்கதவைத் திறக்கும். போன ஆண்டுகளைத் திருப்பித் தருவதில்லை.

ஆதலின் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்பால் பழி நீங்கியவரை ‘விடுதலையானார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘குற்றச்சாட்டிலிருந்து’ என்னும் ஒரு சொல்லை முன்னே சேர்த்தெழுதுங்கள். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கற்பொருள் உண்டென இலக்கணம் கற்பிக்கிறது. எதிலிருந்து நீங்கினார் என்று சொல்லாத விடுதலை பாதி விடுதலையே. ஒருவரது நற்பெயர் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கக்கூடும்.