ஒரு குண்டும் முப்பத்தேழு நாட்களும்

(சங்க ஆண்டு விழாவில், வட்டவடையில் நிகழ்த்திய உரை)

 

உலக வரலாற்றிலிருந்து ஏதேனும் ஒன்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பாட்டும் கூத்தும் காத்திருக்கும் மேடையில், ஓர் அரசியல் கொலை பெரும்போராக வளர்ந்த கதையைச் சொல்வது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் கடந்து, பாம்பாடும் சோலையினூடே இவ்வூருக்கு வரும்போது அத்தயக்கம் நீங்கிற்று. அங்கிருந்து கொடைக்கானலை நோக்கிப் பிரியும் பழைய மலைப்பாதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதனை 'எஸ்கேப் ரோடு' என்று வெள்ளையர் அழைத்தனர். தப்பி ஓடும் பாதை என்பது அதன் பொருள். 1942ஆம் ஆண்டில், ஜப்பானியர் சென்னையைத் தாக்கினால் மலைவழியே மேற்குக் கரைக்குத் தப்பிச் செல்வதற்காக அப்பாதை செப்பனிடப்பட்டது. இன்று அதனைக் காடு மூடிக்கிடக்கிறது. ஆயினும் எங்கோ மூண்ட போர் இந்தப் பூண்டு வயல்களின் ஓரம் வரை வந்தது என்பதற்கு அஃது இன்றும் சான்றாக நிற்கிறது.

நம் முன்னோரும், மதுரைச் சீமையில் போர்கள் மூண்ட காலத்தில் உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி மலையேறி வந்தவர்களே என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போரினால் இடம்பெயர்ந்தவர் வழிவந்த நமக்குப் போர் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியும் கடமை மற்றவரைவிடச் சற்று மிகுதியாகவே உண்டு.

அன்பர்களே! 1914ஆம் ஆண்டு ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. பாஸ்னியா நாட்டின் சரயேவோ நகருக்கு ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாந்து தம் மனைவி சோபியாவுடன் வருகிறார். அந்நாட்டை அப்பேரரசு 1908இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கு வாழ்ந்த செர்பிய இளைஞர் சிலர் அதனைப் பொறுக்கவில்லை. ஆறு பேர் இளவரசர் செல்லும் தெருவில் இடம்பிடித்து நின்றனர். ஒருவன் எறிந்த வெடிகுண்டு வண்டியின் பின்புறம் பட்டுத் தெறித்து, அடுத்த வண்டியின் கீழ் வெடித்தது. இளவரசர் உயிர் பிழைத்தார். நகர மண்டபத்தில் வரவேற்பும் முடிந்தது. காயமுற்ற அதிகாரியை மருத்துவமனையில் கண்டுவர அவர் புறப்பட்டார். வழி மாற்றப்பட்ட செய்தியை வண்டியோட்டிக்கு எவரும் சொல்லவில்லை. வண்டி தவறான தெருவில் திரும்பி, மீண்டும் பின்வாங்குவதற்காக நின்றது. நின்ற இடத்திற்குச் சில அடி தொலைவில் 19 வயது நிரம்பிய கவ்ரிலோ பிரின்சிப் என்னும் மாணவன் கைத்துப்பாக்கியோடு நின்றான். இருமுறை சுட்டான். கணவனும் மனைவியும் மாண்டனர்.

இந்த இரண்டு குண்டுகளே உலகப் போரை மூட்டின என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மையே.

மறுபாதியை அறிய நம் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1911 ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரை சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் வாஞ்சிநாதன். அவர் பிறந்த செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. சுட்டவர் அங்கேயே தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். சென்னையில் வழக்கு நடந்தது. சிலர் சிறை சென்றனர். அத்துடன் அது முடிந்தது. அங்கும் அடிமைப்பட்ட மக்களின் கொதிப்பு இருந்தது, இங்கும் இருந்தது. அங்கும் ஓர் இளைஞனின் கைத்துப்பாக்கி, இங்கும் அதுவே. ஆனால் மணியாச்சியிலிருந்து உலகப் போர் எழவில்லை. ஏன்?

தீக்குச்சி ஈரத் தரையில் விழுந்தால் அணைந்துபோகும். வைக்கோற்போரில் விழுந்தால் ஊரையே எரிக்கும். ஆஷ் துரையைக் கொன்றதற்காகப் பிரிட்டன் படையெடுக்கத்தக்க வேற்றரசு எதுவும் வாஞ்சிநாதனுக்குப் பின்னே இல்லை. பாஸ்னியாவின் பக்கத்திலோ செர்பியா இருந்தது. கொலையாளிகளுக்கு ஆயுதம் அங்கிருந்தே வந்தது. செர்பியாவுக்குப் பின் ருஷ்யா நின்றது. ருஷ்யாவோடு பிரான்சு உடன்படிக்கை செய்திருந்தது. ஆஸ்திரியாவுக்குப் பின் ஜெர்மனி நின்றது. 'என் நண்பனைத் தொட்டால் நானும் வருவேன்' என்று ஒவ்வொருவரும் முன்னரே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தனர். வைக்கோற்போர் அடுக்கி முடிந்திருந்தது.

எனினும் வைக்கோல் தானாகவும் எரிந்துவிடவில்லை. இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து. சரயேவோவில் சுட்ட நாளிலிருந்து பிரிட்டன் போர் அறிவித்த ஆகஸ்டு 4 வரை 37 நாட்கள் இருந்தன. அந்த 37 நாட்களில் ஒவ்வொரு நாளும் யாரேனும் ஒருவர் நிறுத்தியிருக்கலாம்.

எண்ணிப் பாருங்கள். கொலையுண்ட இளவரசரே செர்பியாவோடு போர் வேண்டாம் என்று தடுத்து வந்தவர். ஆஸ்திரியப் படைத்தலைவர் பலமுறை போர் கேட்டும் அவர் இசையவில்லை. குண்டு அமைதியை விரும்பிய குரலையே முதலில் அடக்கிற்று. அவருடைய சாவையே காரணமாகக் காட்டி, அவர் விரும்பாத போருக்கு அரசு ஆயத்தமாயிற்று. ஜூலை 5ஆம் நாள் ஜெர்மனியின் துணை கேட்கப்பட்டது. என்ன செய்தாலும் துணைநிற்போம் என்று கெய்சர் வில்லியம் வாக்களித்துவிட்டு, மறுநாள் நார்வேக் கடலில் உல்லாசப் பயணம் புறப்பட்டார். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், அதைக் கொண்டு என்ன வாங்கப்படுகிறது என்று கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 23இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு ஓர் இறுதி ஓலை அனுப்பியது. 48 மணி நேரத்தில் விடை வேண்டும் என்றது. செர்பியா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இணங்கிற்று. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் புலன்விசாரணையில் கலந்துகொள்வதை மட்டும் மறுத்தது. அந்த விடையை ஜூலை 28 காலையில் படித்த கெய்சரே, இனிப் போருக்குக் காரணமில்லை என்று குறித்தார். அதே நாளில் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது! வழக்கை ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்கு விடலாம் என்று ருஷ்யப் பேரரசர் ஜூலை 29இல் தந்தி கொடுத்தார். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் அவரே தம் படைகளனைத்தையும் திரட்டக் கட்டளையிட்டார்.

ஆகஸ்டு முதல் நாள் நடந்தது இன்னும் வியப்பானது. பிரான்சை விட்டுவிட்டு ருஷ்யாவை மட்டும் எதிர்க்கலாமா என்று கெய்சர் தம் படைத்தலைவரைக் கேட்டார். முடியாது என்றார் அவர். பல்லாயிரம் இரயில் வண்டிகளின் கால அட்டவணை முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. அதனை இனி மாற்றினால் படையே குலைந்துபோகும் என்பது அவர் விடை. பேரரசரின் மனம் மாறினாலும் அட்டவணை மாறவில்லை. ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அந்நாட்டின் நடுநிலைமையைக் காப்பதாக 1839இல் ஒப்பமிட்டிருந்த பிரிட்டனும் போரில் இறங்கியது.

பிரிட்டன் இறங்கியதும் நம்மை ஒரு சொல்லும் கேளாமலே இந்தியாவும் இறங்கியதாயிற்று. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதன் நினைவுக்கல் சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்றும் உள்ளது. வீட்டில் சூட்டிகையான பிள்ளையை 'இவன் பெரிய எம்டன்' என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அச்சொல் அன்றைய நடுக்கத்தில் பிறந்தது. சரயேவோவில் வண்டியோட்டி வழி தவறினான். 86 நாட்களுக்குப் பின் சென்னையில் தீ எரிந்தது. அப்போரில் 13 இலட்சம் இந்தியர் பணிபுரிந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். உலகெங்கும் மடிந்த படைவீரர் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். சுட்ட பிரின்சிப் 20 வயது நிரம்பாதவன் என்பதால் தூக்கிலிடப்படவில்லை. 1918 ஏப்ரலில் காசநோயால் சிறையில் மாண்டான். போரை முடித்த வெர்சேல்ஸ் உடன்படிக்கை 1919இல் அதே ஜூன் 28இல் கையெழுத்தாயிற்று. அது விட்டுச்சென்ற பகையும் இரண்டாம் உலகப் போருக்கு வித்திட்டது. அந்தப் போர்தான் நம் சோலைப் பாதையைத் தப்பி ஓடும் பாதையாக்கியது.

இஃது ஐரோப்பியர் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கடலுக்கு அப்பால் நம் உடன்பிறப்புகள் வாழும் ஈழத்தைப் பாருங்கள். 1975 ஜூலை 27இல், யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் சுட்டுக்கொல்லப்பட்டார். தமிழர் ஒருவரைத் தமிழ் இளைஞரே கொன்றனர். அதற்கு முன்பே 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் என்ற சட்டமும், பல்கலைக்கழக நுழைவில் தமிழ் மாணவர் கண்ட தடையும், 1974இல் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டில் நேர்ந்த உயிரிழப்பும் வைக்கோலை அடுக்கி வைத்திருந்தன. ஐரோப்பாவில் இடைவெளி 37 நாட்கள். அங்கு எட்டு ஆண்டுகள். அந்த எட்டாண்டுகளில் குறைகளைத் தீர்த்திருக்கலாம். தீர்ப்பதற்குப் பதில் 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு, 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. மறுபுறம் கொலைகளும் பெருகின. 1983 ஜூலையில் 13 படைவீரர் கொல்லப்பட்டதும் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் வேட்டையாடப்பட்டனர். அன்று மூண்ட போர் 2009 மே வரை நீடித்தது. அதில் அழிந்தவர்களை எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது.

நிறுத்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1948 ஜனவரி 30இல் காந்தியடிகள் சுடப்பட்ட செய்தி பரவியபோது, பிரிவினையின் குருதி காயாத நாடு இது. சுட்டவன் முஸ்லிம் என்ற வதந்தி பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! சுட்டவன் ஓர் இந்துவே என்று அகில இந்திய வானொலி உடனே அறிவித்தது. மராட்டிய நாட்டில் பிராமணர் மீது வன்செயல்கள் நடந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நாடு முழுவதும் மூளவிருந்த பெருந்தீயை, காலத்தில் சொன்ன ஓர் உண்மை தடுத்தது.

இறுதியாக, சொல்லாமல் போகக்கூடாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அரசியல் கொலை என்றால் என்ன என்பதை இந்த வட்டவடைக்குப் புத்தகம் கற்பிக்க வேண்டியதில்லை. 2018 ஜூலையில், எறணாகுளத்துக் கல்லூரி ஒன்றில், சுவரெழுத்துப் பற்றி எழுந்த அரசியல் பகையில், இம்மண்ணின் மகன் ஒருவன் கத்திக்கு இரையானான். படித்து முன்னேறப் புறப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளை உயிரற்ற உடலாக இந்த மலைக்குத் திரும்பினான். அவன் பெயரைச் சொல்லி உங்கள் புண்ணை மீண்டும் கிளற நான் விரும்பவில்லை. அன்று இங்கும் வைக்கோல் இருந்தது. மதத்தின் பெயராலும் கட்சியின் பெயராலும் தீயிட விரும்பியோரும் எங்கேனும் இருந்திருப்பர். இந்த ஊர் நீதியைக் கேட்டது. பழிக்குப் பழி கேட்கவில்லை. தன் ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது அப்பிள்ளையின் ஆசை. நாடெங்கிலுமிருந்து நூல்கள் வந்து குவிந்தன. 2019இல் அவன் நினைவாக இங்கு நூலகம் திறக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! குண்டு வெடிப்பதை நம்மால் எப்போதும் தடுக்க முடியாது. அதற்குப் பின் வரும் முதல் நாள், இரண்டாம் நாள், முப்பத்தேழாம் நாள் ஆகியவை நம்முடையவை. அந்நாட்களில் வதந்தியை நம்பாதிருப்பதும், ஒருவன் செய்த குற்றத்துக்காக அவன் இனத்தையே பழிக்காதிருப்பதும், வழக்கை மன்றத்துக்கு விடுவதும் கோழைத்தனம் ஆகா. அன்றைய பேரரசர்கள் செய்யத் தவறியதை இந்தச் சிற்றூர் செய்து காட்டியிருக்கிறது. விழா முடிந்து வீடு திரும்புமுன் அந்நூலகத்துக்குள் ஒருமுறை நுழைந்து, ஒரு நூலையேனும் எடுத்துச் செல்லுங்கள் என்று வேண்டுகிறேன்.