கம்பெனி ஆன பிறகு கணக்கு

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று முதல் கல்லாவில் இருக்கும் பணம் அவருடையது இல்லை, கம்பெனியுடையது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 5,000 ரூபாய் எடுத்தால்கூட, அது சம்பளமா, முன்பு அவர் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்ததா என்று கணக்கில் எழுதியாக வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

பதிவான 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். வருமான வரிக் கணக்குக்குப் பொதுவாக அக்டோபர் 31 கடைசி நாள். ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காவிட்டாலும் தாக்கல் செய்யத்தான் வேண்டும். தனி ஆளாக இருந்தபோது விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிய சலுகை கம்பெனிக்குக் கிடையாது.

எனக்குக் கவலை தருவது, கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தர வேண்டிய நிதிநிலை அறிக்கையும் ஆண்டறிக்கையும்தான். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். பூட்டிக் கிடக்கும் கம்பெனிக்கும் இது ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து 3 ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர் பொறுப்புக்கே 5 ஆண்டு தடை. தொழிலை நிறுத்திவிட்டவர்கள் சும்மா இருந்துவிடாமல், நிலுவைப் படிவங்களை முடித்து, கம்பெனியின் பெயரை நீக்க முறைப்படி விண்ணப்பித்துவிடுங்கள்.