டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

(தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)



மண்டபத்தின் வெளியே நிற்கும் கார்களை எண்ணிக்கொண்டே உள்ளே வந்தோம். மொத்தம் பதினொன்று. அவற்றுள் புரோட்டோன் சாகாவும் கஞ்சிலுமே மிகுதி. பெரும்பாலானவை மற்றொருவர் கையிலிருந்து வாங்கியவை என்றும் கேள்வியுற்றோம். ஆகையால், அந்தக் கார்களின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒரு பட்டையைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

டைமிங் பெல்ட் என்று பட்டறைக்காரர்கள் கூறுவது பல் வைத்த ஒரு ரப்பர்ப் பட்டை. இயந்திரத்தின் அடியில் பிஸ்டன்களோடு சுழலும் தண்டு ஒன்று உண்டு. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு மற்றொன்று. கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் மேல்தண்டு ஒரே சுற்றுச் சுற்ற வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பதே அப்பட்டையின் பணி. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடியில் 25 முறை திறந்து மூடுகிறது. பட்டை அறுந்தால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும். பிஸ்டனோ மேலெழும்பி வரும். சில இயந்திரங்களில் இரண்டுக்கும் இடையே போதிய இடமிருப்பதால் கார் நிற்பதோடு சரி. வேறு சிலவற்றில் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். 2004ஆம் ஆண்டில் புரோட்டோன் அறிமுகப்படுத்திய கேம்ப்ரோ இயந்திரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

எப்போது மாற்றுவது என்று கேட்டால், “மீட்டரைப் பார்” என்பார்கள் பலர். அது பாதி உண்மையே. காருடன் வரும் கையேட்டில் கிலோமீட்டர்க் கணக்கும் ஆண்டுக் கணக்கும் சேர்ந்தே இருப்பது வழக்கம். இயந்திரத்திற்கு இயந்திரம் அது வேறுபடும். 100,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு என்று கையேடு கூறுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே தவணை.

தோட்டத்துக் கார் எவ்வளவு ஓடுகிறது? கடைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்குமாக நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்றாலும் ஆண்டுக்கு 7,300தான். 100,000 கிலோமீட்டரை எட்ட ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பட்டை காத்திருக்குமா?

ரப்பரின் இயல்பை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வாளியைச் சைக்கிளில் கட்டிய பழைய டியூப் வாரை மூலையில் போட்டுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து இழுத்துப் பாருங்கள், வெடித்து அறுந்துவிடும். அது உழைத்துத் தேய்ந்ததன்று. கிடந்தே முதுமை அடைந்தது. டைமிங் பெல்ட்டில் இருப்பது நீங்கள் வெட்டும் பால் அன்று. நம் மரத்து ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிக் கெடும்; ஆகவே செயற்கை ரப்பரைக் கொண்டு, உள்ளே கண்ணாடி இழை நூல் வைத்துச் செய்கிறார்கள். ஆயினும் வெப்பத்திலும் காலத்திலும் அதுவும் முதுமை அடைகிறது. இயந்திர எண்ணெய் கசிந்து பட்டையின்மேல் படுமானால் தவணைவரை காத்திராமல், கசிவை அடைத்து உடனே மாற்றிவிட வேண்டும்.

2018ஆம் ஆண்டில் நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரைக் கண்டோம். சிறுநீரகம் பழுதுற்ற தம் தாயாரை இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் மும்முறை நகருக்குக் கொண்டுபோய் வந்தவர். காரின் மீட்டர் 70,000கூடக் காட்டவில்லை. வயதோ ஒன்பது ஆண்டுகள். ஒரு விடியற்காலையில் மேட்டுச் சாலையில் இயந்திரம் ஓசையின்றி நின்றது. ஸ்டியரிங் கனத்துவிட்டது; பிரேக்கை இரண்டு கால்களாலும் அழுத்த வேண்டியிருந்ததாம். நல்லவேளையாக எதிரே வண்டி இல்லை. அவரோ பதற்றத்தில் சாவியை மீண்டும் மீண்டும் திருப்பியிருக்கிறார். இது கூடாது. பட்டை அறுந்த இயந்திரத்தைச் சுழற்றச் சுழற்ற வால்வுகள் மேலும் கெடும். பழுதுபார்க்க ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல் ஆயிற்று. கார் பட்டறையில் கிடந்த மூன்று வாரமும் தாயாரை வாடகைக் காரில் அனுப்பியதற்கு அட்டையும் கடனும் சேர்ந்தன. சரியான காலத்தில் மாற்றியிருந்தால் அதில் சிறு பங்கே செலவாகியிருக்கும் என்று அவரே கணக்கிட்டுச் சொன்னார்.

பட்டை அறுவதற்குமுன் ஓசை எழுப்பும், மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெடிப்புத் தெரியும் என்று நம்பியிருப்போர் உண்டு. சில சமயம் தெரியலாம். ஆனால் பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் பட்டையும் உள்நூல் நைந்து அறுந்துபோகும்.

கைமாறி வாங்கிய காராயின் பழைய சொந்தக்காரரிடம் பட்டறை ரசீதைக் கேளுங்கள். “மாற்றிவிட்டேன்” என்னும் வாய்ச்சொல் போதாது. ரசீது இல்லையேல் மாற்றவே இல்லையென்று கொண்டு முதற்செலவாக இதைச் செய்யுங்கள். பட்டையை இழுத்துப் பிடிக்கும் உருளையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். நீர் பம்பும் அதே மூடிக்குள் இருக்குமானால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதற்கென மறுபடியும் கழற்றினால் கூலி இரட்டிப்பாகும். மாதம் பத்து வெள்ளி எடுத்து வைத்தால் ஐந்து ஆண்டில் 600 வெள்ளி சேரும்.

மைவி வைத்திருப்போர் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டமைக்கு நன்றி. 2005ஆம் ஆண்டில் வந்த முதல் மைவி முதற்கொண்டு அதில் இருப்பது பட்டை அன்று, இரும்புச் சங்கிலி. அதற்கு இத்தகைய தவணை இல்லை. இயந்திர எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றி வந்தால் போதும்.

கையேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் படிக்கச் சிரமப்படுவோர் அதை எடுத்து வாருங்கள். மாலை ஐந்து மணிவரை இங்கேயே இருப்போம். உங்கள் காருக்குரிய கணக்கைப் பார்த்து ஒரு தாளில் எழுதித் தருகிறோம். அதை மூடியின் உட்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.