ஓரத்தை நறுக்கும் கலை

புகைப்படக் கலையில் காமிராவுக்கு அடுத்தபடியாக நமக்குத் துணை செய்யும் கருவி கத்தரிக்கோல் என்று கூறினால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பொத்தானை அழுத்தியவுடன் படம் முடிந்துவிட்டது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அப்போது நமக்குக் கிடைப்பது படத்துக்கு வேண்டிய மூலப்பொருள்தான். அதில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று தீர்மானிக்கும் வேலை பிறகே தொடங்குகிறது. ஓரங்களை நறுக்கிப் படத்தின் அமைப்பை உறுதிப்படுத்தும் அந்த வேலையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் கண் ஒரு காட்சியைக் காணும்போது மனமும் உடன் சேர்ந்தே காண்கிறது. ரயில் நிலையத்தில் வந்திறங்கும் உறவினரைத் தேடுகிறோம். அவர் முகம் தென்பட்டவுடன் தூணும், மூட்டைகளும், தேநீர் வண்டியும் நம் கவனத்திலிருந்து அகன்றுவிடுகின்றன. லென்சுக்கோ உறவும் இல்லை, விருப்பும் இல்லை. முகத்தைப் பதிவு செய்யும் அதே அக்கறையோடு அது மூட்டையையும் வண்டியையும் பதிவு செய்துவிடுகிறது. நாம் கண்டதற்கும் காமிரா கண்டதற்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைப்பதே ஓரம் நறுக்குவதன் முதற் பயன்.

நறுக்கவே கூடாது என்று விரதம் பூண்டாலும் அதைக் காப்பது எளிதன்று. 35 மில்லிமீட்டர் பிலிமில் பதியும் படம் 24 மில்லிமீட்டர் அகலமும் 36 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அதை 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் உள்ள தாளில் விளிம்பு விடாமல் நிரப்ப வேண்டுமானால் நீளத்தில் ஒரு பகுதியை இழந்தே தீரவேண்டும். ரோலிஃப்ளெக்ஸ் போன்ற காமிராக்களின் நெகட்டிவ் பக்கத்துக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் கொண்ட சதுரம். அதிலிருந்து நெடிய படம் எடுப்பதா, அகன்ற படம் எடுப்பதா என்பதை என்லார்ஜரின் கீழே வைத்துத் தீர்மானிப்பது பத்திரிகைப் படக்காரர்களின் வழக்கமாக இருந்தது. ஆகவே, நறுக்கலாமா என்ற கேள்வியைவிட எப்படி நறுக்குவது என்ற கேள்வியே நமக்குப் பயன் தருவது.

உலகம் அறிந்த படம் ஒன்றைப் பார்ப்போம். 1960 மார்ச் 5-ஆம் நாள் ஹவானா நகரில் நடந்த இரங்கற் கூட்டத்தில் ஆல்பெர்ட்டோ கோர்டா என்பவர் சே குவேராவைப் படம் எடுத்தார். மூலப் படம் அகன்றது. அதில் ஒரு பக்கம் மற்றொரு மனிதரின் முகமும், மறுபக்கம் பனை வகை மரமொன்றின் ஓலைகளும் இருக்கின்றன. அவ்விரண்டையும் நீக்கி நெடிய படமாக்கியபோது, தொலைவை நோக்கும் அந்த முகம் மட்டும் நின்றது. இடத்தையும் வேளையையும் உணர்த்திய பொருள்கள் மறைந்தன; ஒரு கூட்டத்தில் எடுத்த செய்திப் படம், காலம் கடந்த சின்னமாயிற்று.

இதைக் கொண்டு, முகத்தை நெருங்கி நறுக்குவதே சிறந்த வழி என்று முடிவு கட்டிவிடலாகாது. 1946-இல் நியூயார்க்கில் ஆர்னால்டு நியூமன், இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் படம் எடுத்தார். அந்தப் படத்தையும் அவர் கணிசமாக நறுக்கினார். எனினும் இசையமைப்பாளர் கீழ் மூலையில் சிறிய உருவமாகவே இருக்கிறார். படத்தின் பெரும்பகுதியைப் பியானோவின் உயர்த்திய கரிய மூடியும் வெறுஞ்சுவருமே ஆள்கின்றன. மேலைநாட்டு இசைக் குறி ஒன்றை நினைவூட்டும் அந்த மூடியே அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. வெற்றிடம் என்று நாம் நினைப்பதும் சில வேளைகளில் படத்தின் உயிராக இருக்கும்.

நறுக்குவதை வன்மையாக மறுத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். எடுக்கும் கணத்திலேயே அமைப்பு முழுமை பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும், பாரிசில் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டிப் பாயும் மனிதரை 1932-இல் எடுத்த அவருடைய புகழ்பெற்ற படம் நறுக்கப்பட்டதே. வேலியின் இடைவெளி வழியாக அவர் அதை எடுத்தபோது, பலகை ஒன்று இடப்புறத்தை மறைத்துவிட்டது. அந்தப் பகுதியை நீக்கியதால் படத்தின் உண்மைக்கு ஊறு நேரவில்லை. பாய்ச்சல் மட்டுமே தெளிவாயிற்று.

இனி, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. கெட்டியான அட்டையில் 'ட' எழுத்தின் வடிவில் இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்வோம். அவற்றை எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்துச் சட்டம் போல் நகர்த்துவோம். ஓரத்தில் நின்று கண்ணை இழுக்கும் வெளிச்சத் திட்டை விலக்கிப் பார்ப்போம். ஓடுபவருக்கு முன்னால் ஓட இடமும், நோக்குபவருக்கு முன்னால் நோக்க இடமும் இருக்கிறதா என்று கவனிப்போம். மணிக்கட்டிலோ முழங்காலிலோ வெட்டு விழாதபடி பார்த்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும், இந்தப் படம் எதைப் பற்றியது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். விடை தெரிந்துவிட்டால் வெட்ட வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

ஆனால் இதற்கு எல்லையும் உண்டு. அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் நீக்கினால் எஞ்சுவது காற்பங்கு பரப்பே. 24 மெகாபிக்சல் படம் 6 மெகாபிக்சலாகச் சுருங்கும். எடுக்கும்போது நேர்ந்த அசைவும் மங்கலும் பெரிதாகத் தெரியும். தவறான இடத்தில் நின்று எடுத்ததை எந்த வெட்டும் திருத்தாது.

அதனினும் பெரிய எல்லை நேர்மையைப் பற்றியது. முன்வரிசையில் நெருங்கி அமர்ந்தவர்களை வைத்துக்கொண்டு பின்னாலுள்ள காலி நாற்காலிகளை வெட்டிவிட்டால், வராத கூட்டம் வந்ததாகிவிடும். களையை எடுப்பது வேறு, பயிரையே பிடுங்குவது வேறு. செய்தியாக வெளியிடும் படத்தில் வெட்டிய பகுதியைக் கண்டால் பார்ப்பவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்றால், அந்த வெட்டு அமைப்பை வலுப்படுத்தவில்லை, பொய்யையே வலுப்படுத்துகிறது.

நம் நாட்டு இல்லங்களில் மாலையுடன் விளங்கும் படங்கள் பல, திருமணக் கூட்டப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கியவை. தனியே படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பே வாழ்நாளில் வாய்க்காத பாட்டிக்கு ஓர் உருவப்படம் கிடைத்தது இந்தக் கலையினால்தான். ஆனால் அதற்காக மூலப் படத்தையே கத்தரித்துவிட்ட வீடுகளில், அவர் அருகே யார் நின்றார், அவர் தோளில் கிடந்த கை யாருடையது என்பதைப் பேரப்பிள்ளைகள் இனி அறிய வழியில்லை. இன்று வேண்டாததாகத் தோன்றும் ஓரமே நாளை ஒருவர் தேடும் பொருளாகலாம்.

ஆகவே, பிரதியைத் துணிவுடன் நறுக்குவோம். மூலத்தை முழுமையாகப் பேணுவோம். நெகட்டிவானாலும் கைபேசியில் உள்ள படமானாலும் விதி இதுவே. மூலம் கையில் இருக்கும் வரையில், பிழையாக விழுந்த வெட்டையும் மறுபடி திருத்திக்கொள்ளலாம்.