சினமும் தீர்ப்பும்



தோட்டத்தில் ஒரு கொலை நடந்துவிட்டால், மறுநாள் காலையில் பெரட்டுக் களத்திலேயே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும். "அவன் மனிதனே அல்ல, மிருகம்" என்பார் ஒருவர். "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்பார் இன்னொருவர். இறந்தவரின் வீட்டு அழுகுரலைக் கேட்டவர்கள் அப்படிப் பேசுவது இயற்கையே. ஓர் உயிரைப் பறிப்பது கொடுமை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால், செய்தவனை மிருகம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?

கொடுமை செய்பவன் வேறு பிறவி, நாம் வேறு பிறவி என்று நம்புவது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. உண்மை அப்படியில்லை. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். பல தொழில்களைச் செய்துவந்த 40 ஆண்களை அழைத்தார். அடுத்த அறையில் இருப்பவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் அவர்மீது மின்சாரம் பாய்ச்ச வேண்டும். தவறுக்குத் தவறு அளவைக் கூட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. "தொடருங்கள்" என்று ஒருவர் சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை சென்றார்கள். பலருக்கு வியர்த்தது, கை நடுங்கியது; ஆனாலும் நிறுத்தவில்லை. கட்டளைக்கு அஞ்சியே சாதாரண மனிதன் இவ்வளவு செய்வான் என்றால், சினமும் போதையும் சேரும்போது எதுதான் செய்யமாட்டான்?

இதை நம் நாட்டுச் சட்டமும் அறிந்திருக்கிறது. மூன்று பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவன் பகையை மனத்தில் வைத்து, இருட்டில் காத்திருந்து வெட்டுகிறான். இன்னொருவன், எதிர்பாராத கடுமையான சீண்டலால் தன்னை மறந்து, அந்த நொடியிலேயே கத்தியை வீசுகிறான். மூன்றாமவன், தன்னைக் கொல்ல வந்தவனிடமிருந்து உயிர்தப்பத் திருப்பித் தாக்குகிறான். மூன்று இடத்திலும் ஓர் உயிர் போனது. ஆனால், மூன்றும் ஒரே குற்றம் என்று மலேசியத் தண்டனைச் சட்டம் சொல்வதில்லை. முதலாவது கொலை. இரண்டாவது, சீண்டல் உண்மையிலேயே கடுமையானது, திடீரென நேர்ந்தது என்று நிரூபணமானால், கொலையைவிடக் குறைந்த குற்றம். ஆயினும் கடுஞ்சிறை உண்டு. மூன்றாவது, தேவைக்கு மிஞ்சாத தற்காப்பானால், குற்றமே இல்லை. தானாகக் குடித்து ஏற்றிக்கொண்ட போதையோ பொதுவாகச் சாக்காகாது.

முன்பு கொலைக் குற்றம் நிரூபணமானால் தூக்குத் தண்டனை கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலை 4-ஆம் நாள் முதல் அந்தக் கட்டாயம் நீங்கியது. மரண தண்டனை அகலவில்லை. ஆனால், அதற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும், 12-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு. செயலை மட்டுமின்றி, செய்தவனின் நிலையையும் அவர் எடைபோடலாம்.

எடைபோடுவது மன்னிப்பதாகுமா? ஆகாது, நேயர்களே. இறந்தவரின் குடும்பத்துக்கு நீதி கிடைத்தே ஆக வேண்டும். ஆனால், எந்த நீதிமன்றமும் விதிக்காத ஒரு தண்டனையை நாம் விதிக்கிறோம். சிறை சென்றவனின் மனைவியோடு தண்ணீர்க் குழாயடியில் யாரும் பேசுவதில்லை. "கொலைகாரன் பிள்ளை" என்று பள்ளியில் அந்தச் சிறுவனைக் கூப்பிடுகிறார்கள். அவன் செய்த குற்றம் என்ன?

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். பெரும்பாலும் சண்டை முற்றுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு மிருகம் என்று ஏசுவதில் பயனில்லை. ஓங்கிய கை இறங்குமுன் நாலு பேர் குறுக்கே நின்றால், முடியாவிட்டால் போலீசுக்குச் சொன்னால், இரண்டு குடும்பங்கள் பிழைக்கும். நமக்கே சினம் மூளும்போது, முதலில் கையிலுள்ள கத்தியைக் கீழே வைப்போம்; அந்த இடத்தைவிட்டு அகல்வோம்.

அந்தக் கை நம்முடையதாகவும் இருக்கலாம் என்று அஞ்சுபவனே பிறரை நியாயமாக எடைபோடுவான்.